கட்டிலிடம் சொன்னது

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கட்டில் இருந்ததாம். ராஜா இருந்தாரா என்று கேட்டால், இருந்தார், போய்ச் சேர்ந்து வெகு நாளாயிற்று. ராணி மட்டும் இருந்தாள், ராணிக்கு ஒரு மாவு மில் இருந்தது, மில்லுக்கு மேலே ஒரு மாடி, மாடியிலே அந்தக் கட்டில். ஊர் சங்கரன்கோவில், நாள் ஆடித்தபசு, அம்பாள் தபசு நிற்கிற திருநாள், வெயில் உச்சியிலிருந்து சாய்ந்த பொழுது. ராணியின் பெயர் செண்பகவல்லி. தெருவுக்கெல்லாம் மில்லுக்கார அக்கா. கட்டிலின் தலைமாட்டில் அவள் நின்றாள், கால்மாட்டில் அவள் மருமகன் கோமதிநாயகம் நின்றான், நடுவில் யாருமே இல்லை, அதுதான் அன்றைக்கு வந்த சங்கடம். அவன் பெண்டாட்டி ஆவுடை பிள்ளை பெற்று, பிழைத்து, சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து தாய்வீட்டுக்கு வருகிறாள். படி ஏறக் கூடாது, தரையில் படுத்து எழுந்திரிக்கக் கூடாது, தையல் தாங்காது, ரத்தம் ரொம்பப் போயிருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆகவே கட்டில் கீழே இறங்க வேண்டும். மில்லுக்குப் பின்னால் மூட்டை அடுக்குகிற அறையில் போய் நிற்க வேண்டும். அவள் வருவதற்குள், ஆடாமல் நிற்க வேண்டும். மாடிப்படியோ ஒரு ஆள் பக்கவாட்டில் ஏறுகிற படி. கழற்றித்தான் இறக்க முடியும். சுமை தூக்குகிற ஆட்கள் அத்தனை பேரும் தபசு பார்க்கப் போய்விட்டார்கள். ஒருத்தன் மட்டும் போனை எடுத்து, "அக்கா, இன்னைக்கு அம்பாளுக்கே ஆள் பத்தலை" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டிலைக் கழற்றுவது பெரிய காரியமா என்று கேட்கலாம். அந்த ரெண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்களே. சண்டை ஒன்றும் இல்லை, வழக்கம். மருமகன் முகத்துக்கு நேரே பேசுவது செண்பகவல்லி பிறந்த வீட்டில் கிடையாது. அவன் மதுரையிலிருந்து வந்தால் அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள், "அவுக சாப்பிட்டாகளான்னு கேளுட்டி" என்பாள், ஆவுடை அவன் பக்கம் திரும்பி, "சாப்பிட்டீங்களான்னு கேக்காங்க" என்பாள், அவன் "சாப்பிட்டேன்னு சொல்லு" என்பான், அது கதவைத் தாண்டி நன்றாகவே கேட்டிருக்கும், கேட்டிருந்தாலும் ஆவுடை ஒருமுறை சொன்னால்தான் சொன்னதாகும். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான். இப்போது ஆவுடை இல்லை, அவளுக்குத் துணையாகச் சித்தி செல்லத்தாயும் ஆஸ்பத்திரியில். செண்பகவல்லி ஜன்னல்மேல் உட்கார்ந்திருந்த பூனையைப் பார்த்தாள். "ஏ பூனை" என்று ஆரம்பித்தாள். பூனை குதித்துப் போயே போய்விட்டது. பிறகு சுவரைப் பார்த்தாள், சுவரில் மாலை போட்டிருந்த புருஷன் படத்தைப் பார்த்தாள், அவரிடம் சொல்லி ஒரு நாளும் ஒன்றும் நடந்ததில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் கட்டிலின் தலைப்பலகையை ஒரு தட்டுத் தட்டினாள். "ஏ கட்டிலு, உன் கால்மாட்டுல நிக்கிறவுகளைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லு." கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற நாலு நாளாக வராத சிரிப்பு. குனிந்து சட்டத்தைப் பிடித்தான். "பிடிச்சாச்சுன்னு சொல்லு கட்டிலே" என்றான்.

அவள் அம்மிக் குழவியைக் கொண்டுவந்திருந்தாள். சுத்தியல் வீட்டில் இல்லையா என்றால், மில்லில் மூன்று இருக்கிறது. சுத்தியல் பட்டால் மரம் வாய் பிளந்துவிடும் என்று குழவியைப் பழைய நூல்சேலையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். முதலில் ஒவ்வொரு மூட்டிலும் விரலால் தேங்காய் எண்ணெய் வைத்தாள், பச்சைப்பிள்ளைக்குத் தொப்புளில் வைப்பதுபோல, வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள், எண்ணெய் இறங்கட்டும் என்று. எண்ணெய் இறங்குகிறதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்க முடியும் என்பதே அவனுக்குப் புதிதாக இருந்தது. அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவன்தான் நடந்துகொண்டே இருந்தான், செருப்புச் சத்தம் அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை. நர்ஸ் வெளியே வந்து, இன்னும் ரத்தம் வேணும், யாராவது இருக்கீங்களா என்றாள். அந்த இன்னும். ரத்தம் என்கிற வார்த்தைகூட அவனை அவ்வளவு செய்யவில்லை, இன்னும் என்கிற வார்த்தைதான் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவனுடையது சேரவில்லை. அவள் எழுந்தாள், சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள், ஜாக்கெட் கையை மேலே ஏற்றிக்கொண்டே நடந்தாள், யாரும் அவளைக் கேட்கக்கூட இல்லை. திரும்பி வந்து அதே இடத்தில் அதே மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முதுகுக்குப் பின்னால் ஒரு கை நீண்டது, கையில் டீ டம்ளர். ரத்தம் கொடுத்தவளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த டீ. திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை இல்லை, கை மட்டும். அதை வாங்கிக் குடித்தோமே, வாங்கிக் குடிக்கலாமா, வேண்டாம் என்று யாரிடம் சொல்வது, சொல்ல அங்கே ஒரு கட்டில்கூட இல்லையே. டொக் என்று குழவி விழுந்தது. ஒரே அடி. ஆப்பு நெல்மணிபோலத் துள்ளி வெளியே வந்தது.

எப்படித் தெரியும் இவளுக்கு எங்கே அடிக்க வேண்டுமென்று. அவன் மதுரையில் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், அவன் கைக்குத் தெரிந்ததெல்லாம் எள்ளளவு ஸ்க்ரூவும் நூலளவு வளைவும்தான். சட்டைப்பையில் அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரும் லென்ஸ் துடைக்கிற துணியும் எப்போதும் இருக்கும், இந்தக் கட்டிலுக்கு முன்னால் அந்த ஸ்க்ரூ டிரைவர் பல்குத்துகிற குச்சிபோல இருந்தது. இந்தக் கட்டிலில் ஒரு ஸ்க்ரூ கிடையாது, ஒரு ஆணி கிடையாது. வேங்கை மரம். கடைந்த கால்கள், தலைப்பலகையில் முகத்தோடு முகம் பார்க்கிற ரெண்டு கிளி, நீளச் சட்டங்களின் முனை காலுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் மூக்கை நீட்ட, மூக்கில் ஒரு ஆப்பு. செண்பகவல்லி கல்யாணத்துக்குச் சீராக வந்தது. ஆவுடை பிறந்ததே இந்தக் கட்டிலில்தான், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வருவதற்குள் பிறந்துவிட்டாளாம். ஆவுடை அதைப் பெருமையாகச் சொல்வாள், நான் அவசரக்காரி என்பாள். அவசரக்காரி. இந்தமுறை ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். டொக். அடுத்த ஆப்பு. அடித்துவிட்டு அவள் நிறுத்தி மூச்சு வாங்கவில்லை, இந்த வயசில், ரத்தம் கொடுத்த உடம்போடு. மில் பட்டை அறுந்தால் தானே ஏறி மாட்டுகிறவள், மூட்டையை முட்டி கொடுத்துத் தள்ளுகிறவள். அந்தக் கை முழங்கை வரைக்கும் மாவு படிந்து படிந்து ஒரு வெளுப்பு, கழுவினாலும் போகாத வெளுப்பு, அது அவனுக்கு இன்றைக்குத்தான் அழகாகப்பட்டது. இவ்வளவு நாள் அந்தக் கையை அவன் பார்த்ததே இல்லை, கதவுக்குப் பின்னாலிருந்து தட்டை நீட்டுகிறபோது தட்டைத்தானே பார்த்தான். அவள் மனசில் என்ன இருக்கிறது. ஒரே மகள், நல்ல மகளாகக் கொடுத்தாள், இப்போது வெளுத்துப் போய்த் திரும்ப வருகிறாள். அவள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதைக் கட்டிலிடம் கேட்கலாமா, கட்டிலே, கேட்டுச் சொல்லேன்.

கழற்றக் கழற்ற அவன் சாக்குக் கட்டியால் அடையாளம் போட்டான், இடது சட்டத்துக்கு இ, வலது சட்டத்துக்கு வ. கடைசி ஆப்பும் வந்து, சட்டம் சட்டமாகச் சுவரில் சாய்த்த பிறகு, இன்னொரு சங்கடம் வந்து நின்றது. கட்டில் இல்லை. கால் ஒரு பக்கம், கிளிகள் ஒரு பக்கம், இனிமேல் எதனிடம் பேசுவது? செண்பகவல்லியும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும், அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். பிறகு தலைப்பலகையைத் தொட்டு, "ஏ கிளி, படியில நான் முன்னால போறேன், பின்னால வாறவுக பாத்து வரணும்" என்றாள். "கிளியே, பாரம் இறங்குற பக்கந்தான் தாங்கும், நான் முன்னால போறேன்னு சொல்லு" என்றான் அவன். "கிளி, நான் மூட்டை இறக்காத படியான்னு கேளு." அவன் பலகையின் பின்பக்கத்தைப் பிடித்தான். அவள் பின்பக்கமாகக் காலை வைத்து, படியைப் பார்க்காமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு இறங்கினாள், ஒவ்வொரு படியும் அவள் குதிகாலுக்குத் தெரிந்திருந்தது. அவன்தான் கால் எங்கே கால் எங்கே என்று தடவினான். வேங்கைப் பலகையின் கனம் தோளில் இறங்கியது, ஆவுடையை ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது ஒரு பக்கம் அவனைப் பிடிக்கச் சொன்னார்கள், அவள் கனமாகவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது, கனம் எங்கே போயிற்று, கனமெல்லாம் எங்கே போயிற்று. ஊர் மத்தியில் மேளம் கேட்டது. விளைந்த பருத்தியையும் வத்தலையும் நேர்ச்சையாக அம்பாள்மேல் அள்ளி வீசுகிறவர்களின் கூச்சல் காற்றில் வந்து வந்து போயிற்று. இவ்வளவு கூட்டத்தில் வண்டி எப்படி வரும், மெதுவாக வரட்டும், குலுங்காமல் வரட்டும், ஆனால் வரட்டும்.

கீழே அந்த அறை அவனைத் திகைக்க வைத்தது. மூட்டை அறை என்றால் வத்தல் நெடி மூக்கைத் தாக்கும், மல்லியும் மஞ்சளும் சுவரில் அப்பியிருக்கும், போன தடவை எட்டிப் பார்த்துத் தும்மிக்கொண்டே ஓடிவந்திருக்கிறான். இப்போது ஈரமாக, குளிர்ச்சியாக, ஒன்றுமே மணக்காமல் இருந்தது. ஒன்றுமே மணக்காமல் இருக்க எத்தனை குடம் தண்ணீர் ஊற்றியிருப்பாள். மேற்கூரை மூலை வரைக்கும் துடைத்திருந்தது, சுவிட்சுப் பொத்தானின் இடுக்குகூட. ஆவுடைக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே வத்தல் அரைப்பதை நிறுத்திவிட்டாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. சீசனில் மில்லுக்கார அக்காவுக்கு என்ன கிறுக்கா என்றார்கள். அவனுக்கு அது இப்போதுதான் உறைத்தது. அந்தப் பிஞ்சு மூக்கு. ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தானே, ஒரு பட்டாணி அளவு மூக்கு, அதற்குள் ரெண்டு ஊசித்துளை, அதில்தான் அந்த உயிர் போய்வந்துகொண்டிருந்தது. அந்தத் துளைக்காக ஒருத்தி மாதக் கணக்கில் சுவரைத் தயார் செய்திருக்கிறாள், யாரிடமும் சொல்லாமல், சொல்ல ஆள் இல்லாமல் இல்லை, சொல்லத் தோன்றவே தோன்றாமல். அவன் அறைவாசலில் செருப்பைக் கழற்றினான். உள்ளே அவள் வேப்பிலை போட்ட வெந்நீரில் துணியை முக்கி, கட்டிலின் ஒவ்வொரு துண்டையும் துடைத்துக்கொண்டிருந்தாள், மூட்டைப்பூச்சி முட்டை வைத்திருந்தால் போகட்டும் என்று துளைக்குள்ளெல்லாம் விரலை விட்டு. துடைத்த வேகத்தில் இ போயிற்று, வ போயிற்று. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அத்தை, அழியுது, என்று வாய் வரைக்கும் வந்தது. அத்தை என்று நேரே ஒருதரம்கூட அவளைக் கூப்பிட்டதில்லையே. கிளியிடம் சொல்லலாம் என்றால் கிளி குப்புறக் கிடந்தது. அவள் கட்டில், அவளுக்குத் தெரியாததா.

பூட்ட ஆரம்பித்தார்கள். இங்கேதான் நடக்கக் கூடாதது நடந்தது, அதுவும் மிகுந்த மரியாதையோடு நடந்தது. செண்பகவல்லி கையில் ஒரு சட்டம் இருந்தது. அவன் கையில் ஒரு சட்டம் இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் போனாள், அதனால் அவன் சுவர்ப்பக்கம் போனான். நுழைத்தான். நுழைந்தது. நுழைந்த இடத்தில் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் ஒரு நூல் பிரியும் அளவு வெளிச்சமும் தெரிந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அது வெளிச்சமே இல்லை. நாளெல்லாம் பிரேமுக்குள் கண்ணாடி உட்கார்கிறதா இல்லையா என்று பார்க்கிறவனுக்கு அது கதவு திறந்துகிடப்பது மாதிரி. சட்டம் மாறியிருக்கிறது. மாறியிருக்கிறதா? அவள் எடுத்துக்கொண்ட பக்கம், அவள் ஆயுசு முழுக்கப் படுத்த கட்டில். ஏ கட்டிலு, என்று அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் தன் பக்கத்துச் சட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, உட்புறம் ஒருமுறை தடவினாள், கை ஒரு கணம் நின்றது, அவனைப் பார்க்க வந்த பார்வை பாதியில் திரும்பிப் போயிற்று. பிறகு ஆப்பை எடுத்துக் கொடுத்தாள். அவன் வைத்தான். அவள் குழவியால் அடித்தாள். ஆப்பு முழுசாக இறங்கவில்லை, கடைசியில் ஒரு நகக்கண் அளவு வெளியே நின்றது. அவள் அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். ஒருவர் பார்ப்பதை ஒருவர் பார்த்தார்கள். அவன் கீழே குனிந்து, ஏதோ தூசியைத் துடைக்கிறவன்போல, லென்ஸ் துணியை எடுத்துக் கால்மாட்டுக் காலின் அடியில் விட்டான். துணி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. கால் தரையில் படவில்லை. படவில்லை. ஒரு துணி கனம். ஒரு துணி கனம்தானே. ஆவுடை புரண்டு படுக்கும்போது ஒரு துணி கனம் டொக்கென்று ஆடினால், அந்தத் தையல், அந்த இன்னும். சொல்லிவிட வேண்டியதுதானே. ரத்தம் கொடுத்தவளிடம், டீயையும் கொடுத்தவளிடம், நீங்கள் தப்பாகப் பூட்டிவிட்டீர்கள் என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டுமே. துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

போன் அடித்தது. செல்லத்தாய் சித்தி. "டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுட்டாக, கிளம்பிட்டோம், ரத வீதிப் பக்கம் வண்டி விடமாட்டான், சுத்தித்தான் வருவோம். பிள்ளை முழிச்சிருக்கு, கேட்டியளா, அப்பன மாதிரியே பேசாம முழிச்சிருக்கு." அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலைப்பலகைமேல் வைத்திருந்தான், அதனால் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செண்பகவல்லி சட்டென்று மில்லுக்குள் போனாள். ஒரு கோதுமை மூட்டையை முட்டி கொடுத்து உருட்டிக்கொண்டு வந்தாள். "கிளி, இதை மேல ஏத்தணும்." ஏற்றினார்கள். இன்னொன்று. கட்டில் தாங்குகிறதா என்று பார்க்க யாராவது ரெண்டு பேர் மேலே உட்கார்ந்தால் போதும். ஆனால் மாமியாரும் மருமகனும் ஒரே கட்டிலில் உட்காருவதாவது, அதைவிடப் பத்து மூட்டை தூக்கலாம். மூன்றாவது மூட்டை விழுந்தபோது கட்டில் பேசியது. அதுவரை எல்லாரும் அதனிடம் பேசிக்கொண்டிருந்தார்கள், இப்போது அதுவே வாயைத் திறந்து, கிரீச் என்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆப்பு ஒன்று துள்ளி அறையின் மறுகோடிக்குப் போய் விழுந்தது. மேளச்சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. அவள்தான் விழுந்தாள் என்று அவன் கண்ணுக்குத் தெரிந்தது, மூட்டை இல்லை, ஆவுடை, வெளுத்த முகத்தோடு, பக்கத்தில் அந்தப் பட்டாணி மூக்கு.

"அத்தை" என்றான் கோமதிநாயகம். "சட்டம் மாறிப்போச்சு, அத்தை. முதல்லயே எனக்குத் தெரிஞ்சுது."

சொல்லிவிட்டுத்தான் நேரே சொல்லிவிட்டோம் என்பது தெரிந்தது. அவள் சுவரைப் பார்க்கவில்லை. கிளியைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள், கல்யாணம் ஆகி முதன்முறையாக, முழுசாக. அவள் கண் ஆவுடையின் கண்ணாகவே இருந்தது, அதே பழுப்பு, இடது கண் ஒரு பொடிக்குச் சின்னது. ஆயிரம் கண்ணுக்குக் கண்ணாடி போட்டவன் இதை இத்தனை நாள் பார்க்காமல் இருந்திருக்கிறான்.

"எனக்கும் தெரிஞ்சுது மாப்பிள" என்றாள்.

"தெரிஞ்சா, ஏன் சொல்லலை?"

"அடையாளம் போட்டவுக நீங்க. எங்கன எது வரும்னு யோசிச்சுத்தான் வைப்பீகன்னு இருந்தேன். நீங்க ஏன் சொல்லலை?"

"உங்க கட்டிலு. உங்களுக்குத் தெரியாதான்னு இருந்தேன்."

முதலில் யார் சிரித்தது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கோதுமை மூட்டைமேல் சாய்ந்து சிரித்ததும், அந்தச் சிரிப்பு நடுவில் தடம் மாறி வேறு எதுவோ ஆனதும், அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டதும் மட்டும் தெரியும். "மருவாதி பாத்துப் பாத்து எம்மவளைக் கீழ தள்ளிருப்போம் ரெண்டு பேரும்" என்றாள். பிறகு சட்டத்தின் உட்புறத்தைக் காட்டினாள். "இங்கன கையை வைங்க." அவன் வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. "கண்ணால பாக்காதீக." அவன் பெருவிரலை மெதுவாக ஓட்டினான், லென்ஸ் விளிம்பில் ஓட்டுவதுபோல. சின்னச் சின்னப் பள்ளங்கள். மரத்தில் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப மோதிய தடம், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு கை எட்டும் தூரத்துக்குள். "இது இடது கைப் பக்கம் வர்ற சட்டம். ஆவுடை பிறக்கையில இதைத்தான் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். கையில வெள்ளிக் காப்பு. ஒவ்வொரு வலிக்கும் ஒரு அடி." அவன் விரலை எடுக்கவில்லை. எத்தனை அடி. எண்ணினால் எண்ணிவிடலாம், எண்ண மனசு வரவில்லை. ஆவுடை எதைப் பிடித்திருப்பாள், அந்த இரும்புக் கட்டிலில், கதவுக்கு அந்தப் பக்கம், அதில் தடம் விழுமா, விழுந்தாலும் யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள். இவள் எண்ணெய் வைத்துக் காத்திருந்தது, ஒரே அடியில் ஆப்பை எடுத்தது, எல்லாம் இந்தப் பள்ளத்திலிருந்துதான் வந்திருக்கிறதோ. அவள் மனசில் என்ன இருக்கிறது என்று நீ கட்டிலிடம் கேட்டாயே, இதோ கட்டில் சொல்கிறது, வாங்கிக்கொள் என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. "மாப்பிள, அப்புறம் தடவலாம், வண்டி வந்துரும்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு நடந்த வேலையைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கிளி இல்லை, பூனை இல்லை, பிடிங்க, விடுங்க, இன்னும் கொஞ்சம், இப்பம் அடிங்க என்று நேரே நேரே பேச்சு. மூட்டை இறங்கியது, சட்டங்கள் இடம் மாறின, அவன் கண்ணை மூட்டோடு வைத்து வெளிச்சம் பார்த்துச் சொன்னான், அவள் குழவியால் தட்டித் தட்டிக் கொண்டுவந்தாள், வெளிச்சம் மெலிந்து மெலிந்து நூலாகி, மயிராகி, இல்லாமல் போயிற்று. "இப்ப இல்லை, அத்தை." அவள் ஒரு அடி அடித்தாள், ஆப்பு தலை வரைக்கும் இறங்கியது. அவன் கட்டில் காலின் அடியில் துணியை விட்டான், துணி உள்ளே போக மறுத்தது. நாலு காலிலும் மறுத்தது. அந்த மறுப்பு எவ்வளவு இனிப்பாக இருந்தது. மூட்டைகளை மறுபடி ஏற்றினார்கள், கட்டில் வாய் திறக்கவில்லை. ஆனால் செண்பகவல்லி திருப்திப்படவில்லை. "மூட்டை புரளாது" என்றாள். புரள்கிற ஆள் வேண்டும். அவன் புரிந்துகொண்டு மூட்டைகளை இறக்கிவிட்டு ஏறிப் படுத்தான், அவள் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், மாமியார் முதுகைக் காட்டி நிற்க மருமகன் வெறும் பலகையில் இடமும் வலமும் உருண்டான், எழுந்து உட்கார்ந்தான், தொப்பென்று படுத்தான். "சத்தம் வருதா?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எலும்புச் சத்தந்தான் வருது" என்றான் அவன். அவள் தோள் குலுங்கியது. அந்த முதுகு. வராந்தாவில் பார்த்த அதே முதுகு. அதைக் கோபம் என்றல்லவா நினைத்திருந்தான். அது ஒரு கதவு சாத்தியிருக்கிற மாதிரிதான், கதவுக்குப் பின்னால் எப்போதும் ஆள் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது.

வண்டி வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். செல்லத்தாய் பிள்ளையோடு முதலில் இறங்கினாள், ஆரத்தி, உப்பு மிளகாய், "வாசல்ல நிக்காதீக, காத்து அடிக்கும்" என்று அவள்பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தாள். ஆவுடை அவன் கையையும் அம்மா கையையும் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தாள். அறைவாசலில் நின்று மூச்சை இழுத்தாள். "மில்லுதானா இது" என்றாள். மெத்தை விரித்திருந்த கட்டிலைப் பார்த்தாள். உட்கார்ந்தாள், மெல்லச் சாய்ந்தாள், சாய்ந்தபோது தன்னையறியாமல் இடது கையை நீட்டிச் சட்டத்தைப் பிடித்தாள். பிடித்த இடத்தைப் பார்த்தது கோமதிநாயகமும் செண்பகவல்லியும் மட்டும்தான். கட்டில் ஒரு சத்தம் போடவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தினார்கள், அந்த மூக்கு ஒரு தும்மலுக்கு முயன்று, யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டது. ஆவுடை கண்ணை மூடினாள். வெளுப்புதான், ஆனால் கனம் வந்திருந்தது, படுக்கை அவளுக்குக் கீழே நன்றாக அமுங்கியிருந்தது, அதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

பேறுகால வீட்டில் மருமகன் ராத்தங்குவது அந்தத் தெருவில் வழக்கமில்லை; மதுரையில் கடையும் காத்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஆட்கள் வந்துவிட்டதால் செண்பகவல்லி மறுபடி கதவுக்குப் பின்னால் போயிருந்தாள். அவளுடைய வெளுத்த கை மட்டும் நீண்டு, கட்டிலின் தலைப்பலகையை ஒரு தட்டுத் தட்டியது. "ஏ கட்டிலு, அவுக வெள்ளிக்கிழமை வருவாகளான்னு கேளு."

ஆவுடை கண்ணைத் திறந்தாள். "எம்மா, யாருகிட்டப் பேசுத?"

"கட்டில்கிட்ட. நீ தூங்குட்டி."

"வியாழக்கிழமையே வாறேன்னு சொல்லு கட்டிலே" என்றான் அவன். "ரத்தம் கொடுத்த உடம்பு, அவங்களையும் ஒரு டம்ளர் டீ குடிக்கச் சொல்லு."

ஆவுடை அவனையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தாள், கேட்கத் தெம்பில்லாமல் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். தெருவில் தபசு பார்த்துவிட்டு ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள், எல்லார் தலையிலும் பருத்தி ஒட்டியிருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். மில்வாசலில் அவள் நின்றிருந்தாள், கதவுக்குப் பின்னால் இல்லை, முன்னால், கையில் ஒரு டம்ளரோடு. அவன் பார்ப்பதைப் பார்த்து ஒரு வாய் குடித்தாள். அவன் பெருவிரலால் சட்டைப்பையிலிருந்த துணியைத் தொட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துபோனான்.